குளவி கட்டிய அறை

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, உள்ளாடையில் ஒரு பொட்டு இரத்தம். மாதவிலக்கு நின்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வாரமே மருத்துவமனைக்குப் போனேன். இதைப் படிக்கும் நீங்களும் இப்படிக் கண்டால் போய்விடுங்கள்.

பயாப்சி (திசுவை எடுத்துச் சோதிப்பது) கருப்பையில் புற்றுநோய் என்றது. பங்குனி பிறந்த வாரத்தில் ஹிஸ்டரெக்டமி (கருப்பையை அகற்றும் அறுவை) முடிந்தது. நிணநீர்க் கணுக்களுக்குப் (உடலின் சிறு வடிகட்டிகள்) பரவியிருக்கிறதா என்ற அறிக்கைக்குச் சில வாரங்கள் காத்திருக்கச் சொன்னார் டாக்டர்.

குனியக்கூடாது, தூக்கக்கூடாது. மலேசியாவில், கிள்ளான் நகரில் எங்கள் வீட்டின் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சலவை இயந்திரத்தின் நீர் கசியும் இடத்தில் ஒரு குளவி இறங்கியது. நூல் போன்ற இடுப்பு. மிளகளவு மண்ணை உருட்டிக்கொண்டு, துணிக்கொடி கட்டிய ஆணிக்குப் பக்கத்தில் போய் ஒட்டியது. மண்ணைப் பூசும்போது மட்டும் மெல்ல ரீங்கரித்தது. அந்த அதிர்வில் மண் இளகிப் பரவும் என்று எங்கோ படித்திருக்கிறேன். படித்தது வேறு, கேட்டது வேறு.

பக்கத்து வீட்டு லெட்சுமி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"குளவி கூடு கட்டினா வீட்டுல பிள்ளை வரும்னு சொல்லுவாங்க லா, அக்கா."

சொன்ன பிறகுதான் என் அறுவை அவளுக்கு நினைவு வந்தது. முகம் வெளிறிவிட்டது.

"அட்ரஸ் மாறி வந்துருச்சு போல," என்றேன். சிரித்ததில் தையல் இழுத்தது.

மாலையில் என் கணவர் விளக்குமாற்றோடு வந்தார், கொட்டிவிடுமே என்று. "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இருக்கட்டும்," என்றேன். அவர் விளக்குமாற்றைத் திரும்ப மூலையில் வைத்தார். அன்றிலிருந்து துணிகளை முன்பக்கம் காயப்போட்டார்.

மறுநாள் குளவி சிலந்திகளைக் கொண்டுவந்தது. கொட்டப்பட்டு மரத்துப்போனவை, ஆனால் சாகாதவை. பிறக்கப்போகும் புழுவுக்கு உணவு கெடாமலிருக்க. ஒன்று தவறி என் காலடியில் விழுந்தது. ஒரு கால் நுனி மட்டும் துடித்தது. அறுவை மேசையில் நானும் இப்படித்தான் கிடந்திருப்பேன். பயம் வரவேண்டிய இடத்தில் வியப்பு வந்தது. பிறகு குளவி வாயிலை மண்ணால் அடைத்துவிட்டுப் போனது. திரும்பவில்லை.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த திங்கட்கிழமை டாக்டர் சொன்னார்: "கணு எல்லாம் க்ளியர், ஆன்டி. ரேடியேஷன் வேணாம்."

கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தார். அது அவர் கையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பின்வாசலுக்குப் போனேன். கூட்டில் வட்டமாக ஒரு துளை. எல்லாவற்றுக்கும் தேதி சொல்பவள் நான். உள்ளே வளர்ந்த குளவி பறந்துபோன நாள் எனக்குத் தெரியவில்லை.

"இப்ப தட்டிடவா?" என்றார் அவர்.

வேண்டாமென்று தலையசைத்தேன். துளையில் சுண்டுவிரல் நுனியை வைத்தேன். உட்சுவர் வழவழப்பாக, வெயிலின் சூட்டோடு இருந்தது. மற்றொரு கை என் அடிவயிற்றின் மேல் இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன்.