மண்டபத்தில் நடக்காத கலியாணம்

பள்ளிவாசல் தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். பெயின்ட் அடிக்க இரண்டு கிழமை என்று சொல்லிப் பொது மண்டபத்தைப் பூட்டினீர்கள். இரண்டு நோன்புப் பெருநாள் போய்விட்டது. யன்னலால் பார்த்தேன். உள்ளே வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் கதிரைகள் கூரை தொட அடுக்கியிருக்கின்றன.

இதை எழுதக் கிளப்பியது அந்தக் கோபம் மட்டுமல்ல, ஒரு மணம். நேற்று கல்முனைச் சந்தையில் ஒருவர் பாய் இழைக்கும் பன்புல் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நனைந்த பன்னின் மணம் மூக்கில் ஏறியதும் நடுச் சந்தையில் நின்று சிரித்துவிட்டேன். மீன் வாங்க வந்த பெண் பயந்து விலகிப் போனாள். போகட்டும்.

நான் பாலர் பாடசாலையில் சேர்ந்த புதிதில், புதன்கிழமைப் பின்நேரங்களில் அந்த மண்டபத்தில் நடக்கும் வயதானவர்களின் கைவேலைக் கூட்டத்தை என் தலையில் கட்டினார்கள். எனக்கோ கடதாசியை நேராக வெட்டவே வராது. வந்த பெண்களுக்கு அதுதான் பெரிய சந்தோஷம். “டீச்சர்ர பூவப் பாருங்கடி, கோழி மிதிச்ச மாதிரி!” என்பார் ஹவ்வா மாமி. மாமியின் பிள்ளைகள் கட்டாரில். வீட்டில் அவரும் ஒரு பூனையும்தான். கிழமை முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சைப் புதன்கிழமை கொட்டித் தீர்ப்பார்.

ஒருநாள் பன்னுக்குச் சிவப்புச் சாயம் காய்ச்சினோம். கையுறை வாங்கிக் கொடுத்தேன். அதை ஊதிப் பலூன் விட்டு விளையாடினார்கள். எல்லோர் கையும் மணிக்கட்டு வரை சிவந்தது. அன்றைக்குத்தான் மாமி பல கிழமையாக இழைத்த பாயும் முடிந்தது. உடனே எல்லோரும் சேர்ந்து, கலியாண வீட்டில் போடுவது போலக் குரவை போட்டார்கள். கூரைப் புறாக்கள் சிதறிப் பறந்தன.

கொஞ்ச நேரத்தில், பின் தெரு யூசுப் காக்கா மடிப்புக் கலையாத சாரனும் தொப்பியுமாக வாசலில் நின்றார். குரவையைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார். வந்த இடத்தில் சிவந்த கைகளைக் கண்டதும் மருதோண்டிதான் என்று முடிவுகட்டிவிட்டார். பக்கத்துத் தெருக் கலியாணத்துக்குச் சொல்லாமல் விடுவது எங்கள் ஊரில் ஆயுள் பகைக்குப் போதும்.

“ஆருக்குக் கலியாணம்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லயே!”

மாமி முக்காட்டை இழுத்துவிட்டு நாணிக் குனிந்தார். “பொண்ணு நான்தான் மச்சான். மாப்புளதான் இன்னும் அம்புடல்ல. உங்கட சாரனப் பாத்தா நீங்கதான் போலிரிக்கி.”

“அல்லாவே! எனக்கு எழுபது வயசு!”

“எனக்கென்ன பதினேழா? இரிங்க, இந்தப் பன்னப் புடிங்க.”

முறைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். மறு புதன் பன் கட்டைத் தன் சைக்கிளில் அவரே கொண்டுவந்தார். “மாப்புள வாறாரு!” என்று மறுபடி குரவை. மனிதர் சைக்கிளோடு விழப் பார்த்தார்.

நேற்று சந்தையிலிருந்து நேரே மாமி வீட்டுக்குப் போனேன். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. “மண்டபம் எப்ப திறப்பாங்க புள்ள?” என்று கேட்டார். வேறு பேச்சில்லை. என்னைக் கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தலைவரே, என்னைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். வருகிற வெள்ளி, ஜும்ஆ முடிந்து ஊர் நிற்கும்போது, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: அந்தக் கதிரைகளை என்றைக்கு வெளியே எடுப்பீர்கள்? மாமியோடு நாங்கள் பெண்கள் பள்ளிவாசல் மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்போம். எங்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.