பதினோராம் நிமிடத்தில் நகர்ந்த தேர்

ஆறு மாதமாக ஒரு ஜாஸ் ஆல்பத்தோடு மல்லுக்கட்டுகிறேன். கூட வந்த கையேடு, மூன்றாவது டிராக்கை 'பிரபஞ்சத்தின் தேடல்' என்கிறது. நாலு முறை படித்தும் பிடிபடவில்லை. ஆல்பத்தையே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

இன்று வில்லியனூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அந்தோணி அண்ணன். எங்கள் மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் ஊதுபவர். அந்த மூன்றாவது டிராக்கை ஓடவிட்டு ஒரு இயர்போனை அவரிடம் கொடுத்தேன். கையேட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"இன்னாபா, ஒரே வரியையே ஊதினு இருக்காங்க?"

"தெரியலண்ணே."

கண்ணை மூடிக் கேட்டார்.

"திருவிழாத் தேரு தெருமுனையில மாட்டிக்கிச்சுன்னு வெச்சுக்க. அது நகர்ற வரைக்கும் நாங்களும் இப்படித்தான் ஒரே வரிய ஊதுவோம். ஊதறத வுட்டா தேரு இழுக்கறவன் சோந்துடுவான்."

பதினோராம் நிமிடம் டிரம்ஸ் மாறியது.

"நகந்துடுச்சு!" இருவரும் கத்திவிட்டோம். கண்டக்டர் முறைத்தார்.

கையேடு யாருக்காவது வேண்டுமா? ஆல்பம் தரமாட்டேன்.