சீட்டு விழாத கரை

பிரஷாந்தி அக்காவை எனக்கு முதலில் பிடிக்காமல் போனதற்கும், பிறகு நிரம்பப் பிடித்துப் போனதற்கும் காரணம் ஒன்றுதான். அவர் சொல் கேட்க மாட்டார். எங்கள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கண்டல்முனை என்ற ஊரில், வாவியைப் பார்த்த வளவில் அவருடைய வீடு இருக்கிறது. தாயின் வீடு அவருக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். அப்படி எதிர்க்கரைச் செட்டிபாளையத்திலிருந்து வந்து சேர்ந்தவர் விஜிதரன் அண்ணன், வாவியில் வலை போடுகிறவர். வந்த நாள் முதல் மனைவியைக் கொஞ்சம் அடக்கிப் பேசச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்றுவரை பலனில்லை.

நான் தன்னாமுனையைச் சேர்ந்த உதயரூபன். பட்டத்தைச் சுருட்டி அலுமாரியில் வைத்துவிட்டு வேலையில்லாமல் திரிந்தபோது ஓர் ஆய்வில் வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை கிடைத்தது. கொரோனாவும் அதற்குப் பின் வந்த பெற்றோல் வரிசையும் பள்ளிக்கூடங்களை மூடிவைத்ததில், நாலாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கே வாசிக்கத் தெரியாமல் போயிருந்த காலம் அது. ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, பின்னேரங்களில் வாசிப்பு வகுப்பு நடத்துவது திட்டம். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, அதற்கு எவ்வளவு தெரியுமோ அங்கிருந்து தொடங்குவார்கள். ஒரு நிதியம் பணம் தந்தது. பலன் இருப்பதைக் காட்டினால் எல்லா ஊருக்கும் கொண்டுபோவோம் என்று அதிகாரிகள் வாக்குக் கொடுத்தார்கள்.

பலன் இருப்பதை எப்படிக் காட்டுவது? ஆய்வை நடத்திய றஸீனா மிஸ் ஏறாவூர்க்காரர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். இவ்வளவு காலமும் ஒரு திட்டம் நல்லதா என்று அதைப் போட்டவரிடமே கேட்டார்கள், அவர் ஓம் என்றார், கதை முடிந்தது என்று எங்களுக்குச் சொன்னார். எல்லா ஊருக்கும் கொடுக்கப் பணமும் இல்லை. ஆகவே ஊர்ப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினோம். பாதி ஊர்களுக்கு வகுப்பு, மற்றப் பாதிக்கு இல்லை. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் வாசிக்க வைத்துப் பார்த்தால், வகுப்பு உதவியதா அல்லது பிள்ளைகள் வளர வளரத் தானாக வந்ததா என்பது தெரிந்துவிடும். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. செட்டிபாளையத்துக்குச் சீட்டு விழுந்தது. கண்டல்முனைக்கு விழவில்லை.

விழாத ஊரிலும் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். அப்படித்தான் பிரஷாந்தி அக்காவின் வளவுக்குப் போனேன். மகள் கிருஜாவுக்கு அப்போது ஒன்பது வயது. சந்தைக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றிய சின்னப் பந்தியை அவளிடம் கொடுத்தேன். பிள்ளை விரலை வைத்து, வரி வரியாக நகர்த்தி, தடுமாறாமல் சொன்னாள். தாய் சிரித்துக்கொண்டே நின்றார். ஆனால் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது பள்ளிக்கூடப் புத்தகத்தின் முதல் பாடம். விரல் ஒரு பக்கம் போக, பாடமாக்கியது ஒரு பக்கம் போனது. பிரஷாந்தி அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எட்டி அந்தத் தாளைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டார். இந்த ஊருக்கு இல்லை, சோதனை மட்டும்தான் என்று விளக்கினேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த விளக்கம் அது, கிருஜாவின் முதல் பாடத்தைப் போல.

"அப்ப என்ட புள்ள வாசிக்காமக் கிடந்தாத்தான் உங்களுக்கு வித்தியாசம் தெரியும். அப்படித்தானே தம்பி?"

அப்படியில்லை அக்கா என்று தொடங்கினேன். யோசித்துப் பார்த்தால் அப்படித்தான். தோணி ஏறிவிட்டேன். சரியான வாய்க்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன்.

அவருடைய வாய் சும்மா வந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கடல் அடித்த சுனாமி வருடம் அவர் பதினேழு வயதுப் பிள்ளை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எழுவான்கரைக்கு வீடும் வள்ளமும் லொறி லொறியாக வந்தன. வாவியின் இந்தக் கரைக்கு அலை வரவில்லை, அதனால் ஒன்றும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து ஷெல் வந்தபோது இந்தக் கரைதான் அகப்பட்டது. அள்ளிக்கட்டிக்கொண்டு முகாமுக்கு ஓடி, தரப்பாளின் கீழ் கிடந்து, உங்கள் பெயர் அடுத்த லிஸ்டில் இருக்கிறது என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே தாய் செத்துப்போனார். அடுத்த லிஸ்ட் என்ற சொல்லைக் கேட்டால் பிரஷாந்தி அக்காவுக்கு இன்றைக்கும் உச்சியில் ஏறும். நான் சீட்டு, ஒப்பீடு என்று என்ன பெயர் வைத்தாலும் அவருடைய காதில் அந்தச் சொல்தான் விழுந்திருக்கும்.

அவர் செய்தது இதுதான். கணவரின் தங்கை செட்டிபாளையத்தில் இருக்கிறார். பின்னேரத்தில் கிருஜாவைத் தோணியில் ஏற்றி, மச்சாள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, நேரே வகுப்பு வாசலில் கொண்டுபோய் விட்டார். அங்கே கற்பித்த கம்சாயினி உயர்தரம் முடித்த பிள்ளை, இளகிய மனசு. வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். வந்த பிள்ளையைப் போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த கிழமை தோணி நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். பிரஷாந்தி அக்கா வாசலில் குந்தியிருந்து, கம்சாயினி எழுத்து அட்டைகளை எப்படிப் பரப்புகிறாள், பிழைவிட்ட பிள்ளையை எப்படித் திருப்பிக் கேட்கிறாள் என்று முழுவதையும் பார்த்துக்கொண்டார். பிறகு தோணிக்கு வேலையில்லை. தன் வளவில் வலை வைக்கிற வாடியை ஒதுக்கி, காட்போட் பெட்டிகளை வெட்டி அட்டை செய்து, வகுப்பைத் தானே தொடங்கிவிட்டார். ஊர் முழுக்க வந்தது.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. வாவிக்கரை ஊர்களில் மாப்பிள்ளைகள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் கலியாணம் கட்டிப் போனவர்கள். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பெண்கள் இதைத்தான் கதைத்தார்கள். சீட்டு விழாத கரையோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய வளவில் ஒரு வகுப்பு முளைத்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பிரஷாந்தி அக்கா நினைத்தார், அது பிழையான நினைப்பும் இல்லை. கேள்வி கேட்க வரும் தம்பியிடம் வேறு வகுப்புக்குப் போவதில்லை என்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வருட முடிவில் நான் போய் அதைக் கேட்டேன். எல்லாப் பிள்ளையும் ஒரே குரலில் இல்லை என்றது. கிருஜா புதுப் பந்தியை உண்மையாகவே வாசித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அந்த வீட்டில் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் சிக்கல் வந்தது. வகுப்பு நடந்த ஊர்களில் பிள்ளைகள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். நடக்காத ஊர்களிலும் கிட்டத்தட்ட அவ்வளவு முன்னேறியிருந்தார்கள். ஆகவே வகுப்பால் வந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. அதிகாரிகளுக்கு இந்த ஒரு வரி போதும். நகரத்து மண்டபமொன்றில் கூட்டம் வைத்தார்கள். சான்றின்படி பலனில்லை, இந்த மாதத்தோடு வகுப்புகளை நிறுத்துகிறோம் என்று ஒரு பெரியவர் மைக்கில் அறிவித்தார். கடைசி வரிசையில் கம்சாயினி அழுதுகொண்டிருந்தாள். ஊர்ச் சங்கத் தலைவியாக வந்திருந்த பிரஷாந்தி அக்கா அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

அவர் வாயைத் திறக்காமல் இருக்க நல்ல காரணம் இருந்தது. ஆய்வு முடியும்வரை ஊரில் வகுப்பு நடத்துவதில்லை என்று சங்கத்தின் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அதை மீறிய ஊருக்கு நிதியத்திடமிருந்து இனி ஒன்றும் கிடைக்காது. கண்டல்முனைக்கு அவர்கள் ஒரு பாலர் பாடசாலைக் கட்டடம் தருவதாக இருந்தது, ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோணியில் வரும்போது விஜிதரன் அண்ணன் ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தார், இன்றைக்கு மட்டும் பேசாமல் இரு என்று.

பிரஷாந்தி அக்கா எழும்பினார்.

"மிஸ், வித்தியாசம் இல்லாமப் போனதுக்கு நான்தான் காரணம். நீங்க எங்களுக்குத் தராத வகுப்ப நாங்க களவெடுத்தம்."

தோணியையும் வாடியையும் அட்டைகளையும் கரையோர ஊர்களையும் ஒன்றும் விடாமல் சொன்னார்.  றஸீனா மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஆய்வுக்காக அவர் எவ்வளவு அலைந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது.

"பிள்ளைகளப் பொய் சொல்ல வச்சிருக்கீங்க. அந்தப் பொய்யாலதான் இண்டைக்கு இந்த வகுப்பு மூடப்படப் போகுது. உங்களுக்கு விளங்குதா?"

"விளங்குது மிஸ். அதுக்குத்தான் எழும்பின. மன்னிப்புக் கேக்க எழும்பல்ல. என்ட புள்ள ஒரு வருஷம் வாசிக்காமக் கிடந்தாத்தான் உங்களுக்கு உண்மை தெரியுமெண்டா, அந்த உண்மைக்கு என்ட புள்ளய நான் தர மாட்டன்."

மைக் வைத்திருந்த பெரியவர், ஒரு தாய் சொல்வதெல்லாம் சான்றாகாது என்றார். சரிதான், இப்போது என்னுடைய கணக்கும் சான்றாகாது என்றார் றஸீனா மிஸ். என்னைக் கூப்பிட்டு, சீட்டு விழாத ஊர்களை வாவிக்கரை வேறு, வெல்லாவெளிக்கு அப்பால் வாவியிலிருந்து தள்ளி உள்ளே கிடக்கும் ஊர்கள் வேறு என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். கரையோரப் பிள்ளைகள் மட்டும்தான் முன்னேறியிருந்தார்கள். உள்ளே இருந்த சில ஊர்களின் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், அந்த ஊர்கள் கொஞ்சம் என்பதால் மொத்தக் கணக்கில் அது மறைந்துபோயிருந்தது.

இதுவும் முழுச் சான்று இல்லை, அந்த ஊர்கள் மற்ற ஊர்களைவிட வறிய ஊர்கள், காரணம் அதுவாகவும் இருக்கலாம் என்று மிஸ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஆனால் பலனில்லை என்று எழுதி வகுப்பை மூடுவதென்றால் என் கையெழுத்து இல்லாமல் மூடுங்கள் என்றார். சொல் கேட்காதவர்கள் அன்றைக்கு அந்த மண்டபத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். பெரியவர் மைக்கை அணைத்துவிட்டு யாருக்கோ தொலைபேசி எடுக்கப் போனார்.

பிரஷாந்தி அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த உள்ளுக்குள்ள இருக்கிற புள்ளைகள், மெய்யாவே ஒரு வருஷம் சும்மாவா இருந்த?"

ஓம் என்றார் மிஸ். அங்கே தோணியும் இல்லை, இந்தப் பக்கத்துக் கலியாண உறவும் இல்லை. பிரஷாந்தி அக்கா கதிரையில் இருந்துவிட்டார்.  பிறகு கம்சாயினியிடம் மெதுவாகச் சொன்னாராம், அந்தத் தாய்மாருக்கு ஒருத்தரும் சொல்லாமல் போனார்களே என்று.

வகுப்புகளை மூடவில்லை. சில மாத இழுபறிக்குப் பின் புது ஏற்பாடு வந்தது. இந்தத் தரம் எல்லா ஊருக்கும் வகுப்பு உண்டு. யாருக்கு முதல் வருடம், யாருக்கு இரண்டாம் வருடம் என்பதை மட்டும் சீட்டு தீர்மானிக்கும். காத்திருக்கிறவர்களோடு ஒப்பிட்டு உண்மையையும் கண்டுகொள்ளலாம், காத்திருப்புக்கு ஒரு முடிவும் இருக்கும். வாக்கை மீறிய ஊர்களும் திரும்பச் சேரலாம், சேர்ந்தால் கண்டல்முனைக் கட்டடமும் உண்டு என்று நிதியம் இறங்கி வந்தது. அந்த மண்டபத்துச் சண்டைதான் இதற்கு வழி வைத்தது என்று றஸீனா மிஸ் என்னிடம் ஒப்புக்கொண்டார். பிரஷாந்தியிடம் சொல்லிவிடாதே, பிறகு பிடிக்க ஏலாது என்றும் சொன்னார்.

குலுக்கல் நாளில் கண்டல்முனையின் பெயரைக் கூப்பிட்டபோது பிரஷாந்தி அக்கா சீட்டுப் பெட்டிக்குள் கையை விடவில்லை. தங்கள் ஊரை ஆய்விலிருந்தே எடுத்துவிடச் சொன்னார். தங்களிடம் வகுப்பு இருக்கிறது, அந்த இடத்தை உள்ளே கிடக்கும் ஊர் ஒன்றுக்குக் கொடுங்கள் என்றார். அப்படிச் செய்தால் பயிற்சியும் இல்லை, கட்டடமும் இல்லை என்று நிதியத்துக்காரர் பயமுறுத்திப் பார்த்தார்.

"எங்கட புள்ளைகள் வலைவாடிக்குள்ள இருந்து படிச்சதுகள், சேர். கட்டடம் இல்லாட்டியும் படிக்கும்."

றஸீனா மிஸ் கண்டல்முனையின் பெயரை வெட்டினார். கட்டடம் போனதற்காக ஊரில் சிலர் பிரஷாந்தி அக்காவோடு இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விஜிதரன் அண்ணன் ஒரு கிழமை பேசவில்லை. அதற்கு மேல் பேசாமல் இருக்க அவரால் முடியாது. வெட்டிய இடத்துக்கு வெல்லாவெளிக்கு அப்பால் இருந்த ஓர் ஊர் வந்தது, முதல் வருடத்தில்.

போன மாதம் அந்த ஊரில் வேலை முடித்துத் திரும்பும் வழியில் கண்டல்முனைக்குப் போனேன். வாடிக்குள் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். அட்டை பரப்பிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது கிருஜா. வெல்லாவெளிக்கு அப்பால் அந்தப் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்களா என்றுதான் பிரஷாந்தி அக்கா முதலில் கேட்டார். தொடங்கிவிட்டார்கள் என்றேன்.  பிறகு என் பையிலிருந்து பந்தித் தாளை எடுக்கச் சொல்லி, அதை வாடியில் இருந்தவர்களில் ஆகச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்தார்.

இந்த ஊர் இப்போது கணக்கில் இல்லை அக்கா, நான் எழுதிக்கொண்டு போக முடியாது என்று சொன்னேன்.

"எழுதத் தேவையில்ல தம்பி," என்றார். "இருந்து கேளுங்க."