சிவப்புப் பை இருந்த இடம்

அது சீனப் புத்தாண்டுக்கு முந்தைய சனிக்கிழமை. கிழமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. வெளியிலும் தொடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அன்று நடந்ததெல்லாம் அந்த விரதத்தில்தான் தொடங்கியது. நான் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்குப் போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அப்பா அதற்கு முன் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். நான் பாலர் பள்ளியில் இருந்தபோது யோங் பெங்கிற்கு வெளியே உணவகங்களுக்குச் சரக்கு அனுப்பும் ஸ்டோர் ஒன்று திறந்தார்கள். விடியற்காலையில் சந்தைக்குப் போய்க் கோழி வாங்கி வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அதை நிறுத்தினார்கள். வெட்டிய கோழி, உறைந்த ரொட்டி சானாய், உரித்த வெங்காயம் என்று எல்லாம் பின்வாசலுக்கே வந்து இறங்கின. ஒற்றை லாரியோடு தொடங்கிய இடத்தில் நான் முதலாம் ஆண்டு முடிப்பதற்குள் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஓட்ட ஆள் வேண்டுமே? தோட்டத்து லாரிக்காரர்கள் பலர் அங்கே போனார்கள். அப்பா முதலில் போனவர்களில் ஒருவர்.

அவருடையது குளிர் லாரி. வெள்ளைப் பெட்டி, அதன் பக்கவாட்டில் பச்சை நிறத்தில் ஹலால் முத்திரை. சீனர் கடைகளுக்கும் அதே லாரியில்தான் மீனும் காய்கறியும் போகும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஹலால் அல்லாத எதுவும் ஏறக்கூடாது. இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அப்பா அடிக்கடி சொல்லும் இன்னொரு விதி. “சாப்புடுற பொருள முன்னால வைக்காத பாப்பா, சூட்டுல கெட்டுரும். அதுக்கு எடம் பின்னாலதான்.”

அன்று அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம். மேலாளரிடம் கேட்டுக்கொண்டு அப்பா என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டார். கூட வந்தவர் சரக்கு இறக்கும் உதவியாளர். மலாய்க்காரர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். நான் அவரைப் பாக்சிக், அதாவது மாமா, என்பேன். அவர் அப்பாவை ‘அனே’ என்பார், அப்பா அவரை ‘பாங்’ என்பார். இருவரும் ஒருவருக்கொருவர் அண்ணன்.

முதல் கடை யோங் பெங்கில் ஒரு சீன உணவகம். அப்பாவும் பாக்சிக்கும் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தபோது, கடைக்கார அம்மாள் ஒரு சிவப்புக் காகிதப் பையை என் கையில் திணித்தார். “அடிக், நீ சாப்பிடு லா. செடாப், நல்லா இருக்கும்!” உள்ளே சிவந்து மினுங்கும் இறைச்சித் துண்டுகள், இனிப்பு வாசனை. கோழி என்று நினைத்தேன். வாய் ஊறியது. ஆனால் சனிக்கிழமை. நாளைக்குச் சாப்பிடலாம் என்றால் அதுவரை கெடாமல் இருக்க வேண்டும். பக்கக் கதவு திறந்துதான் இருந்தது. படியில் ஏறிப் பையைப் பின்னால் வைத்துவிட்டு வந்து, நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டாவது கடை ஆயர் ஈத்தாமில்; அங்கே கோழிப் பெட்டி ஒன்று இறங்கியது. மூன்றாவது சிம்பாங் ரெங்கத்தில், தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் கடை. அங்கே கதவைத் திறந்த பாக்சிக் அப்படியே நின்றுவிட்டார்.

“அனே, இங்க வாங்க.”

ரொட்டி சானாய் பெட்டியின் மேல் என் பை. அடியில் எண்ணெய் கசிந்து அட்டையில் வட்டமாக ஊறியிருந்தது. அப்பா பையைப் பிரித்துப் பார்த்தார். பன்றியிறைச்சி.

“யாரு வச்சது பாப்பா?”

“நான்தான்ப்பா. நாளைக்குச் சாப்புடறதுக்கு. யோங் பெங் ஆன்ட்டி குடுத்தாங்க.”

அப்பா என்னைத் திட்டவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

பாக்சிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தூக்கிப் போட்டுரலாம் லா அனே, அந்தப் பெட்டியோட. சின்னப் புள்ள. உங்களுக்கு வேல போயிரும். நான் ஒன்னும் பாக்கல.”

“பாங், நாளைக்கு இந்த லாரியில வர்ற கோழிய உங்க வீட்டுல ஆக்குவீங்களா?”

பாக்சிக் கதவை மெல்லச் சாத்தினார்.

அதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார். “என்னா தம்பி, கதவத் தொறந்து மூடி வெளாடுறீங்க? மத்தியானக் கூட்டம் வந்துரும். கோழி இல்லாம நான் என்னா தண்ணியவா பொரிக்கிறது?”

“இன்னிக்கு எங்கிட்ட வாங்காதீங்க பாய். வேற லாரி அனுப்பச் சொல்றேன்” என்றார் அப்பா. பிறகு சாலையோரம் நின்று ஸ்டோருக்குத் தொலைபேசியில் பேசினார்.

திரும்பும் வழியில் அவர் சொன்னது ஒன்றுதான். “நான் வச்சேன்னு சொல்லுவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது.” பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்று மிரட்டும் அப்பா! எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஸ்டோரில் ஹலால் விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லோரும் அவரை மரியாதையாகப் புவான் என்றார்கள். மேசையில் ஒரு படிவம். யார் வைத்தது என்று கேட்டார். நான்தான் என்றார் அப்பா. ஆமாம் என்றார் பாக்சிக். எந்தப் பெட்டியின் மேல்? ரொட்டி சானாய் பெட்டி. தொடக்கத்திலிருந்து அங்கேதானா? ஆமாம் என்றார் அப்பா, நிச்சயமாக.

அந்த அளவு மலாய் எனக்குப் புரிந்தது. தவறான ஒன்று எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அன்றும் என்னால் முடியவில்லை.

“இல்லப்பா! மொதல்ல கோழிப் பெட்டி மேல இருந்துச்சு. ஆயர் ஈத்தாம்ல அந்தப் பெட்டிய எறக்க வர்றதுக்கு முன்னாலதான் மூலையில இருந்த ரொட்டிப் பெட்டிக்கு மாத்தி…” அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சட்டென்று நினைவு வந்தது. “…மாத்தி வச்சீங்க. நீங்கதான் வச்சீங்க. மறந்துட்டீங்க.”

புவான் பாக்சிக்கைப் பார்த்தார். பாக்சிக் நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னார், ‘நீங்கதான் வச்சீங்க’ உட்பட. புவான் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். ஆயர் ஈத்தாம் கடைக்காரர் போட்ட கூச்சல் எங்களுக்கே கேட்டது. பெட்டி அவர் கடையின் குளிர்ப்பெட்டியில் பிரிக்கப்படாமல் இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். புவான் படிவத்தில் அப்பாவின் பெயரை எழுதி, கையெழுத்துப் போடுமாறு அவர் பக்கம் நகர்த்தினார்.

அன்று பிற்பகல் லாரியைச் சமாக் என்ற இஸ்லாமியச் சுத்திகரிப்பு முறைப்படி கழுவினார்கள். மண் கலந்த தண்ணீரால் ஒரு முறை, நல்ல தண்ணீரால் ஆறு முறை, நான் எண்ணினேன். மீதிச் சரக்கு முழுவதையும் ஒதுக்கி வைத்தார்கள். அப்பாவுக்கு வேலை போகவில்லை. லாரி போனது. குளிரறையில் பெட்டி அடுக்கும் வேலை கொடுத்தார்கள். விரல் நுனிகள் வெடித்து, காதுவலியோடு வீட்டுக்கு வருவார். அவர் மறுபடி ஸ்டியரிங் பிடித்தபோது நான் மூன்றாம் ஆண்டை முடித்திருந்தேன்.

அன்று மாலை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

“யாருமே கண்டுபுடிக்கலல்லப்பா?”

அப்பா வேகத்தைக் குறைத்தார்.

“இல்லம்மா. யாருமே கண்டுபுடிக்கல.”

கடைசி நேரத்தில் சுதாரித்துப் பேசி அப்பாவை நான்தான் காப்பாற்றினேன் என்ற நினைப்பில், அவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.