கிளட்ச் இல்லாத வண்டிக்கு நான் ஊற்றிய ஆயில்

அண்ணனுடைய வண்டியைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, சிங்காநல்லூரில் ஒரு பம்புசெட் பட்டறையில் லேத் செக்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று கேட்டவர்கள் வாயை ஒவ்வொன்றாக அடைத்த திமிர் எனக்கு நிறையவே உண்டு. அந்தத் திமிரோடுதான் வண்டிக்கு அடியில் படுத்தேன்.

எங்கள் வீடு கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், தோப்புக்குள் இருந்தது. அப்பா இல்லை. அம்மாவும் அண்ணனும் மட்டும். அண்ணனுக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. முழு உடம்பையும் வலது கால்தான் சுமந்தது. தேங்காய் வியாபாரத்தைக் களத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்தே நடத்தினார். எங்கேயாவது போக வேண்டுமென்றால், யாராவது மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த யாராவது வரும்வரை வெளுத்த சட்டை போட்டுத் தலைசீவி, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். சில நாள் மத்தியானம்வரை அப்படியே இருப்பார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வளைகுடாவில் இருந்த சித்தப்பா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, கூடவே கப்பலில் ஒரு பிக்கப் வண்டியும் வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம். கீழே பார்த்தால் இரண்டே பெடல். கிளட்ச் இல்லை, கியர் தானாகவே மாறிக்கொள்ளும். சித்தப்பா அதை ஒரே ஒரு தடவை பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டினார். எதிரே வந்த பஸ்காரர்கள் அவருக்குப் பாடம் நடத்தியதில், நேராக எங்கள் தேங்காய் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மொபெட் வாங்கிக்கொண்டார்.

ஒருநாள் காலையில் ஷெட்டுக்குள் இன்ஜின் சத்தம் கேட்டு நானும் அம்மாவும் ஓடினோம். அண்ணன் உள்ளே உட்கார்ந்திருந்தார். இடது கால் ஒரு பக்கமாக ஓய்வாகக் கிடந்தது. வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்தார், வண்டி மெல்ல ஊர்ந்து வெளியே வந்தது. அம்மா போட்ட கூச்சலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அண்ணன் களத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, ஆணி அடித்த மாதிரி என் முன்னால் வந்து நிறுத்தினார். முப்பது வயது மனுசன் முதல்முறையாகத் தானே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போயிருக்கிறார்.

லைசென்ஸுக்கு அவரை நாலைந்து தடவை அலையவிட்டார்கள், அது தனிக் கதை. ஆனால் அந்த வருடத்திலிருந்து பொள்ளாச்சி மார்க்கெட்டுக்கு அண்ணனே லோடு கொண்டுபோனார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, கியர் மாறுவதைக் கேட்கச் சொல்வார். சத்தம் ஒரு கணம் தணிந்து மறுபடி எழும்பும். "இப்ப ரெண்டு," என்பார். கொஞ்ச தூரம் போனதும், "இப்ப மூணு." லோடு ஏற்றினால் இரண்டாவது மாறத் தாமதமாகும் என்றும், அப்போது ஆக்சிலேட்டரை ஒரு நூல் தளர்த்தினால் உடனே மாறிவிடும் என்றும் அவராகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். வலது பாதத்தைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

இனி என் லட்சணத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் ஆயுத பூஜை என்றால் பொட்டு வைப்பதோடு முடியாது. பட்டறையில் முதல்நாளே எல்லா மெஷினிலும் பழைய ஆயிலை இறக்கி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது ஆயில் ஊற்றி, அதன் பிறகுதான் சந்தனம் குங்குமம். பழைய அழுக்கோடு இரும்பைச் சாமி முன்னால் நிறுத்தக் கூடாது என்று ஒரு கணக்கு. அந்த வருடம் பட்டறை வேலை சீக்கிரம் முடிந்தது. அண்ணன் வண்டிக்கும் நானே செய்துவிடலாம் என்று, கியர்பாக்ஸுக்கு ஊற்றும் தொண்ணூறு நம்பர் ஆயிலை ஒரு கேனில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். லாரி, டிராக்டர் எல்லாவற்றின் கியர்பாக்ஸுக்கும் அதுதான். இதற்கு மட்டும் வேறென்ன வந்துவிடப்போகிறது?

அண்ணன் சித்தப்பாவின் மொபெட்டில் சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் முடித்து அசத்த வேண்டும். அடியில் படுத்து, கியர்பாக்ஸுக்குக் கீழே எண்ணெய் நிற்கும் பேசினைக் கழற்றினேன். வந்த எண்ணெய் சிவப்பாக இருந்தது. கறுப்பு ஆயில் தெரியும், பழுப்பு தெரியும், சிவப்பை எந்தக் கியர்பாக்ஸிலும் நான் பார்த்ததில்லை. தண்ணீர் மாதிரி இளகியும் இருந்தது. இத்தனை நாள் இந்தத் தண்ணீரிலா பல்சக்கரம் ஓடியது என்று அந்த நாட்டுக்காரன்மேல் கோபப்பட்டேனே தவிர, யாரையும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ஊற்றுவதற்கு மூடி எங்கே என்று தேடினால் அதுவும் இல்லை. அளவு பார்க்கும் கம்பி செருகியிருந்த குழாய் ஒன்றுதான் இருந்தது. அதில் புனலை வைத்து ஊற்றினேன். தேன் மாதிரி கெட்டியான ஆயில் அந்தக் குழாயில் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கேயாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிவப்பு எண்ணெயைக் கொண்டுபோய்க் கரையான் பிடித்த வேலிக் காலில் ஊற்றிவிட்டு, பொறுப்பாகக் கைகழுவினேன்.

மறுநாள் வண்டியைக் கழுவி, மாலை போட்டு, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அம்மா முன்னால் நின்று கற்பூரம் காட்டினார். ஆயில் மாற்றியதைப் பூஜை முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அம்மா தட்டோடு ஓரமாக விலகிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி நகரவில்லை. லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தார். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்தார். இன்ஜின் மட்டும் அலறியது. திடீரென்று மடேர் என்று ஒரு சத்தம், வண்டி பாய்ந்தது. அம்மா கையிலிருந்த தட்டு பம்பரில் பட்டுப் பறந்தது. அம்மா பக்கவாட்டில் விழுந்தார். இன்னும் ஒரு முழம் அந்தப் பக்கம் நின்றிருந்தால் அம்மா இல்லை.

அண்ணன் எப்படியோ பிரேக்கை மிதித்துவிட்டார். வண்டி தென்னைக்குச் சற்று முன்னால் நின்றது. அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. இறங்கியவர் வண்டியைப் பார்க்கவில்லை, குனிந்து தன் வலது காலைத்தான் பார்த்தார்.

ஆயிலாக இருக்குமோ என்று அந்தக் கணமே தோன்றியது. சொல்லவில்லை. படித்தவள் நான், தப்புச் செய்திருக்க மாட்டேன் என்று எனக்கே ஒரு சால்ஜாப்பு சொல்லிக்கொண்டேன். இனிமேல் அண்ணன் வண்டியைத் தொடக் கூடாது என்று அம்மா அழுதார். யாரோ கோழிப்பண்ணைக்காரர் வண்டியைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போகச் சொல்வதாகவும் சித்தப்பா சொன்னார். அண்ணன் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி ஓடிவிட்டேன்.

சிங்காநல்லூரில் மில் முதலாளிகளின் வெளிநாட்டுக் கார்களைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை அவரிடம் போய், தெரிந்தவர் வண்டி என்று ஆரம்பித்தேன். என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேட்டார். தொண்ணூறு என்றேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, அந்த வண்டியில ஆயிலுதானுங்க கிளட்சு," என்றார்.

இன்ஜினுடைய வேகத்தைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவதே அந்த எண்ணெய்தான், ஒவ்வொரு கியரையும் பிடிப்பதும் விடுவதும் அதன் அழுத்தம்தான் என்று பொறுமையாகச் சொன்னார். தண்ணீர் பாய வேண்டிய சந்தில் தாரை ஊற்றினால் என்ன ஆகும்? அழுத்தம் ஏறாது, ஏறும்போது ஒரேயடியாக ஏறும். உடனே சிவப்பு எண்ணெய் வாங்கி மாற்றச் சொன்னார். பேசினைக் கழற்றினால் பாதிதான் இறங்கும், மீதி உள்ளேயே நிற்கும். அதனால் ஊற்றி, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு, இறக்கி, இப்படி மூன்று நாலு தடவையாவது செய்ய வேண்டும். அளவுகூட இன்ஜின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். அப்புறமும் பிழைக்குமா என்று அவர் உறுதி சொல்லவில்லை.

கைக்கொரு கேனாகத் தூக்கிக்கொண்டு உக்கடத்தில் பஸ் ஏறினேன். வழி நெடுக அம்மா விழுந்தது மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. அதைவிடப் பெரிதாக எதையும் செய்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கால் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார். அம்மாவின் தையல் மெஷின் டேப்பைக் கெண்டைக்காலில் சுற்றி அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம், மூன்று நாளைய அளவு பென்சிலில் எழுதியிருந்தது. நான் கேட்காமலேயே தாழ்ந்த குரலில் சொன்னார். மெதுவாகத்தான் மிதித்தாராம். ஆனால் வண்டி அப்படிப் பாய்ந்ததென்றால், எவ்வளவு மிதித்தோம் என்பதே காலுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இந்தக் காலும் மெலிகிறதா என்று பார்க்கிறாராம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

என் கையிலிருந்த கேன்கள் இரண்டும் தரையில் இறங்கின. நான் இறக்கியதாக நினைவில்லை.

"அண்ணா, காலு இல்லீங்ணா. நாந்தான் ஆயிலை மாத்தி ஊத்திப்போட்டேன்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு எண்ணெய், புனல், ஒரு மணி நேரம், வேலிக் கால், நான் ஓடிப்போனது எல்லாவற்றையும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டேப்பை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினார்.

"மூணு நாளா என்ற இன்னொரு காலும் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தனே, கண்ணு," என்றார்.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு நடந்தேபோய்ச் சாவியை வாங்கி வந்தார். அந்தத் தூரத்தை அவர் நடந்து நான் பார்த்ததில்லை. அன்றும் மறுநாளும் நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். நாலாவது தடவை இறக்கியபோதுதான் எண்ணெய் ஓரளவு சிவப்பாக வந்தது. அண்ணன் மேலே உட்கார்ந்து, நான் சொன்னபோது ஸ்டார்ட் செய்தார், சொன்னபோது நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை வந்த கோழிப்பண்ணைக்காரரை அம்மாவே காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

வண்டி பிழைத்துக்கொண்டது. இரண்டாவது கியர் மட்டும் கடைசிவரை கொஞ்சம் தயங்கித்தான் விழுந்தது. அதன் பிறகும் எத்தனையோ வருடம் அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். இப்ப ரெண்டு, இப்ப மூணு என்று அவர் சொல்வது நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் சாவியைத் திருகுவதற்கு முன்னால், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வலது தொடையை ஒருமுறை கிள்ளிப் பார்த்துக்கொள்வார்.