பால் வாங்க வந்த படைவீரர்

எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு வித்தை தெரியும். முகம் நிறையச் சிரித்துக்கொண்டே, வாடிக்கையாளரை அவர் எதிரிலேயே தமிழில் நையாண்டி செய்வார். பிரிட்டனில் மிச்சம் என்ற ஊரில் இருந்த எங்கள் கடைக்கு வந்தவர்களில் அவரிடம் பட்டப்பெயர் வாங்காதவர் எவருமில்லை. சில்லறையை ஒவ்வொன்றாகப் பொறுக்கும் வெள்ளைக்காரக் கிழவி ‘சுண்டெலி’. தலை மழித்த போலந்துக்காரர் ‘பனங்கொட்டை’. அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மாவும் நானும் வயிறு குலுங்கச் சிரிப்போம். திருகோணமலையிலிருந்து அகதியாக வந்து, குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கண்டவருக்கெல்லாம் ‘சேர்’ போட்டுக் களைத்த மனிதருக்கு அந்த ஒரு உல்லாசம்தான் இருந்தது.

அடுத்த தெருவில் மகளோடு வசித்த கென்யாக்காரக் கிழவர் ஒருவர், இரண்டு வருடமாகப் பின்னேரங்களில் பாலும் பாண் ரொட்டியும் வாங்க வந்துகொண்டிருந்தார். அவருக்குப் புதுப்பெயர் வைக்கச் சித்தப்பா மெனக்கெடவில்லை. ஆபிரிக்கர்களுக்கென்று எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு இழிசொல் இருந்தது.

“காப்பிலி வந்திட்டுது. பிள்ளை, பின்னாலை போய் நில். கையைக் கவனி” என்பார். பாடசாலை உடுப்போடு நானும் போய் நிற்பேன். கிழவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைப்பார். ஒருநாளும் அவர் எதையும் எடுத்ததில்லை. ஆனாலும் என்னை அனுப்புவது நிற்கவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போரில் இறந்தவர்களை இந்த நாடு நினைவுகூரும் நாள். கிழவர் கோட்டில் சிவப்புக் காகிதப் பூவும் பதக்கங்களுமாக வந்தார். சித்தப்பாவின் வாய் சும்மா இருக்குமா?

“பாருங்கோ அண்ணி, காப்பிலிக்கு மெடலும் வேணுமாம். எந்தச் சந்தையிலை பொறுக்கினதோ!”

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

கிழவர் பாணைக் கவுண்டரில் வைத்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, தமிழில் சொன்னார்: “தண்ணி. மீன். வா. போ. காப்பிலி.” கொஞ்சம் நின்று, “திருகோணமலை” என்றார்.

சித்தப்பா குனிந்து கல்லாவில் சில்லறையை எண்ணத் தொடங்கினார். அம்மா பால் அடுக்கப்போவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர்கள் இருவரும் அவர் கண்ணைப் பார்க்காததால், அவர் ஆங்கிலத்தில் என்னிடம்தான் பேசினார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் அவரைக் கப்பலேற்றி எங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்களாம். அப்போது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லையாம். ரோடு வெட்டினார்கள், பீரங்கி இழுத்தார்கள். லொறிக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். இவர்கள் பிஸ்கட் எறிய, பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கத்துவார்கள். அதற்கு வீரன் என்று அர்த்தமாக்கும் என்று கொஞ்சநாள் நினைத்திருந்தாராம். அதைச் சொல்லும்போது மெல்லச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

அங்கிருந்து அவர்களைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். கூடப் போனவர்களில் பலர் திரும்பவில்லை.

“சொறி, சேர்” என்றார் சித்தப்பா. அந்த ‘சேர்’ போட அவர் பட்ட பாட்டை அன்றுதான் பார்த்தேன்.

“என்னை என்ன சொன்னாலும் பரவாயில்லை. இவை என்னுடையவை மட்டும் அல்ல” என்று கிழவர் பதக்கங்களில் கை வைத்தார். பிறகு பாணை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா அன்று சித்தப்பாவோடு பேசவில்லை. தானும் சிரித்ததை அவர் மறந்துவிட்டார்போலும். அதன்பிறகு கடையில் பட்டப்பெயர்கள் ஓய்ந்தன. ஓய்ந்தன என்றால், வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இடம்பெயர்ந்தன.

இனி அந்தக் கிழவர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அந்த வாரத்திலேயே அவர் பால் வாங்க வந்தார். எனக்குப் பெரிய ஆறுதல். ஒரே ஒரு ஞாயிறன்று தவறான ஒரு சொல் அவர் காதில் விழுந்தது, அதை அவர் மன்னித்தும் விட்டார் என்று கணக்கை முடித்துக்கொண்டேன். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்டது என்பது அப்போது என் புத்திக்கு எட்டவே இல்லை.