கூண்டை உடைத்த அம்மா

சுனாமிக்கு அடுத்த வருடம் நான் மரக்காணத்தில் குடியிருந்தபோது எதிர்வீட்டில் இருந்தவர் அந்த அம்மா. உப்பளத்தில் கூலி வேலை. கறுத்து ஒடுங்கிய உடம்பு. பேசும்போதெல்லாம் வெடித்த உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

என் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் இரண்டு நாய்களைக் கூண்டிலேயே போட்டு வைத்திருந்தான். மலத்திலும் மூத்திரத்திலும்தான் அவை படுத்துக் கிடந்தன. ஒன்றின் காதில் புழு நெளிந்தது. கேட்டவர்களை அவன் அடிக்க வந்தான்.

“போலீஸ்ல சொல்லலாமாம்மா?” என்றேன்.

“நீங்க போய் சொல்லுங்க சார். அதுக்குள்ள நான் தொறந்து வுட்டுடறேன்.”

கடப்பாரையோடு போய்ப் பூட்டை உடைத்தார். ஓடிவந்த டிரைவர் அவர் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அவர் கடப்பாரையை வீசினார். முழங்காலில் அடிபட்டு அவன் அலறிக்கொண்டு விழுந்தான்.

காது அழுகிய நாயைத் தூக்கப் போனபோது, அது அவர் கையைக் கவ்விக் கடித்தது. நான் ஒரு கட்டையை எடுத்து ஓங்கினேன்.

“அடிக்காதீங்க சார்! கை கிட்ட வந்தாலே அடின்னுதான் அதுக்குத் தெரியும்.”

சற்றுமுன் ஒரு ஆளை அடித்து வீழ்த்தியவர், பல் பதிந்த கையை இழுக்காமல், நாய் தானாக விடும்வரை அந்த அசிங்கத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.